மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடி - பகடை உருட்டிய கிறிஸ்தவர்கள் கதை

இந்தத் தடவை கொஞ்சம் வித்தியாசமான சரக்கு. அமெரிக்காவில் 1980களில் ஒரு விளையாட்டுக்கும் சர்ச்சுக்கும் நடந்த சண்டை. "விளையாட்டுக்கும் சாமிக்கும் என்னய்யா சண்டை?"ன்னு கேட்காதீங்க. புத்தகங்களைக் குவித்துக் கொளுத்துகிற அளவுக்குப் போன சண்டை அது.

சண்டையைப் பற்றி நிறையப் பேர் எழுதியாச்சு. எனக்கு அதில் சுவாரசியமாகப் பட்டவர்கள் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். சனிக்கிழமை ராத்திரி பகடை, ஞாயிற்றுக்கிழமை காலையில் சர்ச் என்று இருந்த பசங்க. சர்ச்சில் போய் "நான் இதை விளையாடுறேன்" என்றால் சாத்தான் பிடித்தவன். விளையாடுகிற இடத்தில் "நான் சர்ச்சுக்குப் போறவன்" என்றால், "ஓ, எங்க புத்தகத்தைக் கொளுத்துற கோஷ்டியா நீ?" மத்தளத்துக்கு ரெண்டு பக்கமும் இடிங்கிற கதைதான். இவங்க ஒருத்தரை ஒருத்தர் எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் இந்தப் பதிவு.

முதலில் விளையாட்டு. பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். சுருக்கமாக டி அண்ட் டி. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற ரெண்டு பேர் உருவாக்கி, 1974இல் டி.எஸ்.ஆர். என்ற குட்டிக் கம்பெனி வழியாக வெளியிட்டார்கள். இடம், விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊர். முதலில் அச்சடித்தது 1000 பெட்டிகள். கைகாக்ஸ் இன்சூரன்ஸ் கம்பெனி வேலை போனபிறகு செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்தியவர். இன்னொரு விஷயம், மனிதர் யெகோவாவின் சாட்சிகள் சபையில் இருந்தவர். பிற்பாடு இவரைத்தான் சாத்தானின் ஏஜென்ட் ரேஞ்சுக்குப் பேசினார்கள் :-)

எப்படி விளையாடுவது? நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காரணும். ஒருத்தர் கதை சொல்லி. "இருட்டுக் குகை. முன்னால ரெண்டு வழி. இடது பக்கம் ஏதோ உறுமுற சத்தம் கேட்குது. என்ன பண்றீங்க?" என்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். ஒருத்தர் போர்வீரன், ஒருத்தர் மந்திரவாதி, ஒருத்தர் பூசாரி. "நான் வாளை உருவுறேன்", "நான் பின்னாலயே நிக்கிறேன்" என்று அவரவர் சொல்ல வேண்டியது. வெட்டு விழுந்ததா, தப்பியதா என்பதைப் பகடை சொல்லும். நம்ம ஊர் ஆறு முகப் பகடை மட்டும் இல்லை, இருபது முகப் பகடையெல்லாம் உண்டு. அம்புலிமாமா கதைக்குள்ளே நாமே நுழைந்து நடப்பது மாதிரி வெச்சுக்குங்க.

இதில் ஒரு முக்கியமான சங்கதி. யாரும் யாரையும் ஜெயிப்பதில்லை. குகைக்குள் போனவர்கள் ஒண்ணாத்தான் போகணும், ஒண்ணாத்தான் திரும்பணும். வீரனுக்கு அடிபட்டால் பூசாரி குணப்படுத்தணும். பூசாரி மேல் பூதம் பாய்ந்தால் வீரன் குறுக்கே விழணும். இதை ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னால் தேவைப்படும்.

இந்தப் பூசாரி பாத்திரம் வந்த கதையும் ஜோர். ஆர்னெசனின் ஆரம்பகால ஆட்டத்தில் ஒருத்தர் ரத்தக் காட்டேரியாக விளையாடி எல்லாரையும் பந்தாடிக்கொண்டிருந்தார். அவரை அடக்க ஆள் வேண்டும் என்று உண்டாக்கியதுதான் பூசாரி. 1974ஆம் வருஷப் பெட்டியில் கடைச்சாமான் பட்டியலைப் பார்த்தால் கயிறு, தீப்பந்தம் இவற்றோடு மரச் சிலுவை, வெள்ளிச் சிலுவை, புனித நீர் எல்லாம் விலையோடு இருக்கும். பூசாரியின் மந்திரங்களில் கோலைப் பாம்பாக்குவது, பூச்சிக் கூட்டத்தை ஏவுவது, உணவை உண்டாக்குவது, செத்தவரை எழுப்புவது எல்லாம் உண்டு. யாத்திராகமம் படித்தவர்களுக்கு முதல் ரெண்டும் எங்கிருந்து வந்தது என்று சொல்லவே வேண்டாம். பைபிளைக் கரைத்துக் குடித்தவர்கள் மேலோட்டமாகப் புரட்டியிருந்தாலே கண்டுபிடித்திருக்கலாம். புரட்டவில்லை, அதுதான் சோகம்.

சரி, சண்டைக்கு வருவோம்.

1979 ஆகஸ்ட். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டல்லஸ் எக்பர்ட் என்ற மாணவன் காணாமல் போகிறான். வயசு 16. அபார மூளைக்காரன், அதனால் அந்த வயசிலேயே பல்கலைக்கழகம். தேடித்தர பெற்றோர் வில்லியம் டியர் என்ற தனியார் துப்பறியும் நிபுணரை அமர்த்தினார்கள். பையன் டி அண்ட் டி விளையாடுவான் என்று தெரிந்ததும், பல்கலைக்கழகத்துக்கு அடியில் ஓடும் நீராவிக் குழாய்ச் சுரங்கத்துக்குள் நிஜமாகவே விளையாடப் போய் மாட்டிக்கொண்டானோ என்று டியர் சந்தேகத்தைக் கிளப்பினார். பத்திரிகைகளுக்குச் செம தீனி. ஒரு மாதம் கழித்துப் பையன் லூசியானா மாநிலத்தில் கிடைத்தான். விளையாட்டுக்கும் அவன் ஓடியதற்கும் சம்பந்தமில்லை. அவன் சுரங்கத்துக்குப் போனது உயிரை விடும் எண்ணத்தோடு என்று டியரே 1984இல் தன் புத்தகத்தில் எழுதினார். ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது. 1980இலேயே அந்தப் பையன் தற்கொலை செய்துகொண்டான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். 16 வயசுப் பையன், தன்னைவிடப் பெரியவர்களோடு படிக்கிறான். மன அழுத்தம். அவனைப் பற்றி ஊரே பேசியபோது எல்லாரும் கேட்ட கேள்வி "என்ன விளையாடினான்?" என்பது. "அவன்கூட யார் இருந்தாங்க?" என்று கேட்டவர்கள் குறைவு. அடுத்த பத்து வருஷக் கூத்துக்கு ஆரம்பம் இதுதான்னு எனக்குத் தோணுது.

1981இல் ரோனா ஜாஃபி என்பவர் இந்த பாணியில் ஒரு நாவல் எழுத, 1982இல் அது டிவி படமானது. ஹீரோ யார் தெரியுமோ? அப்போது பெரிதாகப் பெயர் வாங்கியிராத டாம் ஹாங்க்ஸ்! விளையாடி விளையாடிப் புத்தி பேதலித்துப்போகும் இளைஞன் வேஷம்.

அதே 1982இல் வர்ஜீனியா மாநிலத்தில் பாட்ரிசியா புல்லிங் என்ற தாயின் மகன் தற்கொலை செய்துகொண்டான். பள்ளிக்கூடத்தில் விளையாடிய டி அண்ட் டியில் அவனுக்கு ஒரு சாபம் விழுந்ததுதான் காரணம் என்று அந்த அம்மா நம்பினார். தலைமையாசிரியர் மேல் வழக்குப் போட்டார், தள்ளுபடி ஆனது. 1983இல் இந்த விளையாட்டை எதிர்க்கவே ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1985இல் அமெரிக்காவின் பிரபல டிவி நிகழ்ச்சியான சிக்ஸ்டி மினிட்ஸில் அவர் ஒரு பக்கம், கைகாக்ஸ் ஒரு பக்கம். அந்தத் தாயைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வரலை. பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குக் காரணம் ஒன்று வேண்டியிருந்தது, கையில் அகப்பட்டது பகடை. அந்தக் கண்ணீரை எடுத்து ஊர் ஊராகப் பயம் விற்றவர்கள் மேல்தான் கோபம்.

பயம் விற்றதில் முதல் பரிசு ஜாக் சிக் என்பவருக்கு. உள்ளங்கை அளவு படக்கதைப் புத்தகமாகப் போட்டு மதப் பிரசாரம் செய்தவர். 1984இல் இவர் வெளியிட்ட 'டார்க் டஞ்சன்ஸ்' கதையில், பாத்திரம் செத்ததும் விளையாடிய பெண்ணும் செத்துப்போகிறாள். அவள் தோழிக்கு நிஜமான சூனியமே கற்றுக்கொடுக்கிறார்கள். கடைசியில் தோழி மனந்திரும்பிப் புத்தகங்களை நெருப்பில் போடுகிறாள். இதைப் படித்துவிட்டு மகன் அறையைச் சோதனை போட்ட பெற்றோர் எத்தனை பேரோ! (2014இல் ஒரு டி அண்ட் டி ரசிகர் சிக்கிடமே அனுமதி கேட்டு வாங்கி, அந்தக் கதையை அப்படியே படமாக எடுத்துவிட்டார். சிக் காசு கேட்காமலே கொடுத்தார். விளையாட்டுக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்தார்கள்.)

விளையாட்டுக் கம்பெனிக்கும் உதறல்தான். 1989இல் வந்த ரெண்டாம் பதிப்பில் பேய், பிசாசு என்ற பெயர்களைத் தூக்கிவிட்டார்கள். அப்புறம் அதே ஆசாமிகள் பேடசு, டனாரி என்று வாயில் நுழையாத பெயர்களோடு பின்வாசல் வழியாகத் திரும்பி வந்தது தனிக் கதை. ஆனைக்குத் திருநாமம் போட்டால் ஆனை இல்லாமல் போய்விடுமா என்ன? 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது பழைய பெயர்களே திரும்பின. அப்போது கம்பெனி கைமாறி விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட்டிடம் இருந்தது. அதை நிறுவியவர்களில் ஒருவரான பீட்டர் அட்கிசன், அட்வென்டிஸ்ட் சபையினர் நடத்தும் வாலா வாலா கல்லூரியில் படித்தவர்!

அட்கிசன் ஒருத்தர் மட்டும் இல்லீங்க. டிராகன்லான்ஸ் கதைகளை மார்கரெட் வீஸோடு சேர்ந்து எழுதிய டிரேசி ஹிக்மன் பக்தியுள்ள மார்மன். இந்தோனேசியாவில் சபை ஊழியம் செய்துவிட்டு வந்தவர். இந்த விளையாட்டுக்கே ஒருவகையில் பாட்டனாரான டோல்கீன் தீவிரக் கத்தோலிக்கர். ஆக, நம்பிக்கை உள்ளவர்கள் இந்த மேஜையில் முதல் நாளிலிருந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவரும் அப்படித்தான் என்பது மட்டும் தெரியவில்லை.

சிலர் "பிரச்சினை விளையாட்டில்தானே, நாமே ஒண்ணு செஞ்சுடலாம்" என்று கிளம்பினார்கள். 1984இல் டிக் வுல்ஃப் என்பவர் டிராகன்ரெய்டு என்ற விளையாட்டைக் கொண்டுவந்தார். அதில் சக்தி வேண்டுமானால் பைபிள் வசனத்தைப் பார்க்காமல் ஒப்பிக்க வேண்டும்! ஞாயிறு பள்ளி வாத்தியார்களுக்குக் கனவு மாதிரியான ஏற்பாடு. சர்ச்சுக்காரர்கள் கொண்டாடியிருக்கணுமே? இல்லை. பெயரில் டிராகன் இருக்கே, உள்ளே பகடை இருக்கே என்று அதையும் திட்டினார்கள். விளையாட்டுக்காரர்களோ "வசனம் ஒப்பிக்கவா வந்தோம்?" என்று சிரித்தார்கள். சொன்னேனே, மத்தளம்.

பகடை என்றாலே அவர்களுக்கு ஒரு கூச்சம். காரணம் இருக்கு. சிலுவையடியில் ஏசுவின் உடைக்காகச் சேவகர்கள் சீட்டுப் போட்டார்கள். நமக்குச் சகுனி மாதிரி அவர்களுக்கு அந்தக் காட்சி. ஆனால் அதே பைபிளில், யூதாஸ் போன இடத்துக்கு மத்தியாவைத் தேர்ந்தெடுக்க அப்போஸ்தலர்களும் சீட்டுத்தான் போட்டார்கள். அதைவிட சுவையான சங்கதி பத்தாம் நூற்றாண்டில் இருக்கு. இன்றைய பிரான்சில் உள்ள கம்ப்ரே நகரின் பிஷப் ஆன விபோல்ட் என்பவர், பகடைப் பைத்தியம் பிடித்த தன் குருமார்களுக்காகவே ஒரு பகடை ஆட்டம் உண்டாக்கினார். மூன்று பகடையை உருட்டினால் 56 விதமாகத்தான் விழ முடியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நற்குணம். அன்பு, விசுவாசம், நம்பிக்கை என்று 56. எந்த எண் விழுகிறதோ அந்தக் குணம் உங்களுக்கு. நம்ம பரமபதத்தில் ஏணிக்குப் புண்ணியத்தின் பெயர் வைக்கவில்லையா, அந்த மாதிரி. பகடையைப் பிடுங்கி எறியாமல் கூட உட்கார்ந்து உருட்டிய பிஷப். ஆயிரம் வருஷம் கழித்து வந்தவர்களுக்கு இந்தப் புத்தி இல்லாமல் போச்சு.

1990இல் மைக்கேல் ஸ்டாக்போல் என்ற எழுத்தாளர், விளையாட்டு வடிவமைப்பாளர், புல்லிங்கின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலசி ஓர் அறிக்கை வெளியிட்டார். விளையாடுகிறவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். அந்த வயசுக்காரர்களிடையே பொதுவாக நிகழும் தற்கொலைகளோடு ஒப்பிட்டால், விளையாட்டின் தலையில் கட்டப்பட்ட சாவுகள் மிகக் குறைவு என்று எடுத்துக்காட்டினார். அதன்பிறகு பயம் மெல்ல வடிந்தது.

பயம் வடிந்தாலும் தனிமை வடியவில்லை. ஒளித்து ஒளித்து விளையாடியவனுக்கு, தன்னை மாதிரி அடுத்த தெருவிலேயே இன்னொருத்தன் இருந்தாலும் தெரியாது. அவனும் ஒளித்துத்தானே விளையாடுகிறான்! 1996இல் இவர்களில் சிலர் கூடி கிறிஸ்டியன் கேமர்ஸ் கில்டு என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். சபை வேறுபாடு கிடையாது. சங்கத்துக்கென்று ஒரு குருவானவர் கூட உண்டு. அவர்கள் நடத்திய பத்திரிகையின் பெயரைத் தமிழில் சொன்னால் 'வழியும் சத்தியமும் பகடையும்'. யோவான் சுவிசேஷம் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். சொந்தக் காயத்தையே கிண்டல் செய்யும் அளவுக்கு ஆறிவிட்டது என்று அர்த்தம்.

அவர்கள் செய்த காரியங்களில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று. ஜென் கான் என்று விளையாட்டுக்காரர்களுக்கு வருஷா வருஷம் ஒரு திருவிழா. 1968இல் லேக் ஜெனீவாவில் ஒரு தோட்டக்கலை மண்டபத்தில் கைகாக்ஸ் தொடங்கியது. 2003லிருந்து இண்டியானாபொலிஸ் நகரில் நடக்கிறது, 2023இல் 70,000 பேருக்கு மேல் வந்தார்கள். வியாழன் தொடங்கி ஞாயிறு முடியும். ஞாயிறு காலையில் சர்ச்சா, ஆட்டமா? இந்தத் தர்மசங்கடத்துக்குக் கில்டுக்காரர்கள் கண்ட வழி, திருவிழா நடக்கும் இடத்திலேயே ஒரு ஆராதனை. முதல் தடவை வருகிற ஒருத்தனை நினைச்சுப் பாருங்க. சுற்றிலும் மந்திரவாதித் தொப்பியும் அட்டை வாளுமாய்க் கூட்டம். ஒரு கதவைத் திறந்தால் பையில் பகடையோடு பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவன் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியதில்லை. அந்த நிம்மதிக்கு விலை உண்டா?

2004இல் இங்கிலாந்தில் கதை இன்னொரு படி போனது. ஷிப் ஆஃப் ஃபூல்ஸ் குழுவினர், மெதடிஸ்ட் சபையின் ஆதரவோடு, கம்ப்யூட்டர் கேம் மாதிரியே ஒரு தேவாலயம் கட்டினார்கள். பெயர் சர்ச் ஆஃப் ஃபூல்ஸ். வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பொம்மை உருவம். அது நடக்கும், உட்காரும், மண்டியிடும், கையை உயர்த்தும். மே மாதம் நடந்த முதல் ஆராதனையில் பிரசங்கம் செய்தவர் லண்டன் பிஷப் ரிச்சர்ட் சார்ட்ரஸ். ஒரே நாளில் 41,000 வருகைகள் என்று கணக்கு. வந்தவர்களில் வம்புக்காரர்களும் ஏராளம். பிரசங்க மேடையில் ஏறிக் கெட்ட வார்த்தை பேசியவர்களை வெளியே தள்ள நிர்வாகிகளிடம் ஒரு தனிப் பொத்தான் இருந்தது. ஆனால் பாருங்க, அந்தக் கட்டடத்துக்குக் கீழே ஒரு நிலவறை. ஆராதனை முடிந்து ஜனங்கள் அங்கே போய் நின்று அரட்டை அடித்தார்கள். அதே செப்டம்பரோடு அந்தச் சோதனை முயற்சி முடிந்தது. கூட்டம் மட்டும் கலையவில்லை, 2006இல் செயின்ட் பிக்சல்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தது. மாதா கோயிலோ மாரியம்மன் கோயிலோ, ஜனங்களுக்குப் பூஜை முடிந்து வெளியில் நின்று நாலு வார்த்தை பேசுவதும் பாதி பக்திதானே.

நானும் ஒரு நண்பர் வீட்டில் நாலைந்து தடவை இந்தப் பகடையை உருட்டியிருக்கிறேன். விதிமுறை ஒரு மண்ணும் புரியாமல் முழித்தவனிடம் பூசாரி பாத்திரத்தைத் தள்ளிவிட்டார்கள். விளையாட்டுக்காரர்களிடையே இது பழைய ஜோக். வாள் சுழற்றவும் நெருப்பு வீசவும் ஆளுக்கு ஆள் போட்டி, அடிபட்டவனுக்கு மருந்து போடும் வேலையை எவனும் எடுக்க மாட்டான், அதனால் புதுசா வந்தவன் தலையில் கட்டுவது. எனக்கு அதுவே வசதியாப் போச்சு. பத்து நிமிஷத்தில் "யோவ் பூசாரி, சாகப்போறேன்யா, சீக்கிரம்!" என்று ஒரு முன்பின் தெரியாத ஆசாமி என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த நிமிஷத்திலிருந்து அவர் முன்பின் தெரியாத ஆசாமி இல்லை.

இந்த விளையாட்டு அமைந்திருக்கும் விதமே அப்படி. புதிதாய் வந்தவன் ஒரு மூலையில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவன் இல்லாவிட்டால் மற்றவர்கள் குகையை விட்டு வெளியே வர முடியாது. ஒரு நல்ல சபையும் புதிதாய் வந்தவனுக்கு இதைத்தானே தரப் பார்க்கிறது? கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு ஓடுகிறவனைப் பிடித்து, "தம்பி, இந்த நாற்காலியை அடுக்க ஒரு கை கொடுங்க" என்று கேட்கும் பெரியவர் எல்லா ஊர் சர்ச்சிலும் உண்டு. நாற்காலி ஒரு சாக்கு.

1980களில் பிள்ளைகளைக் காப்பாற்றுகிறோம் என்று கிளம்பியவர்கள், தனியாய் இருந்த பிள்ளைகளிடமிருந்து நாலு பேர் கூடும் மேஜையைத்தான் பிடுங்கினார்கள். பிற்பாடு அந்த மேஜையைத் திரும்பப் போட்டு, கூடவே ஜெபத்தையும் வைத்து, "வாப்பா, இங்க இடம் இருக்கு" என்று சொன்னவர்கள், அதே சர்ச்சுகளில் அடி வாங்கி வளர்ந்த பசங்கதான். விளையாட்டா, சாமியா என்று கேட்டவர்களுக்கு அவர்கள் தர்க்கமாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். ஒரு வகையில் பார்த்தால், 1979இல் அந்தப் பதினாறு வயசுப் பையனைப் பற்றிக் கேட்காமல் விட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

உங்க ஊர்ப்பக்கம் இப்படி ஒரு ஆட்டத்தை "கெட்டுப்போயிடுவே"ன்னு சொல்லிப் பிடுங்கி, அப்புறம் பெரியவங்களே கூட உட்கார்ந்து ஆடின கதை இருந்தா சொல்லுங்க. சீட்டுக்கட்டு, கேரம்போர்டு, தாயக்கட்டை எதுவானாலும் சரி :-)